சுவருக்கு அந்தப் பக்கத்து நட்டு

அன்பு மகள் வாண்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே நலம். முன்பெல்லாம் இந்த வரியைக் கை தானாக எழுதிவிடும், இந்தத் தடவை ஒரு நிமிஷம் யோசித்து நிஜம்தான் என்று பட்ட பிறகே எழுதினேன், அதனால் நீயும் நம்பிப் படிக்கலாம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, ஈரத்தலையோடு வேலைக்கு ஓடாமல், உடம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். நினைத்துக்கொள்ளத் தடை ஒன்றும் இல்லையே. சில வாரங்களுக்கு முன்பு போனில் பேசும்போது, பின்னால் என்னம்மா இவ்வளவு டிரில்லிங் சத்தம், அப்பா ஏன் இப்படிச் சிரிக்கிறார் என்று கேட்டாய். அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அதைப் போனில் சொல்ல ஆரம்பித்தால் அப்பா பாதியில் பிடுங்கிக்கொண்டு கதையின் வாலை முதலில் சொல்லிவிடுவார், நீயும் அவசரத்தில் சரிம்மா சரிம்மா என்பாய். எனக்கோ முதலிலிருந்து சொன்னால்தான் திருப்தி. அதனால் கடிதம். நீளமாகத்தான் வரும், காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு படி.

நீ லீவு முடிந்து கிளம்பினபோது அப்பா வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஹால் வரைக்கும் வந்து நின்றார் அல்லவா, அதற்குப் பிறகு ஹாலைத் தாண்டவே இல்லை. விழுந்து உடைந்த இடுப்பெலும்பு கூடிவிட்டது, டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு இதைவிட அழகாகக் கூடவே முடியாது என்றார், ஆனால் மனுஷனுக்கு மனசு கூடவில்லை. பயிற்சி சொல்லித்தர வரும் பிசியோ பெண் ஒவ்வொரு முறையும், வாசல் கதவைத் திறந்து வராந்தாவில் கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள் சார் என்று கெஞ்சுவாள். நாளைக்கு என்பார். அந்த நாளைக்கு வரவே இல்லை. எனக்குக் காரணம் தெரியும். இத்தனை வருஷம் பஸ் ஓட்டின ஆள், ஏறுகிறவர்களையும் இறங்குகிறவர்களையும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வண்டி எடுத்தவர், தான் அடிமேல் அடி வைத்துப் போவதை அடுத்த வீட்டுக்காரர்கள் பார்ப்பதா என்று அவருக்கு. இதுகூடப் பரவாயில்லை. பாத்ரூம்தான் பெரிய பாடு. உட்காருவது ஒரு மாதிரி முடிந்துவிடும், எழுந்திருக்கும்போதுதான் என்னைக் கூப்பிட வேண்டும். நான் உள்ளே போய் அக்குளில் கை கொடுத்துத் தூக்குவேன். அந்த நேரத்தில் அவர் என் முகத்தைப் பார்க்கவே மாட்டார், சுவரைப் பார்ப்பார். கூப்பிட வெட்கப்பட்டு ஒருநாள் டவல் மாட்டும் கம்பியைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தார், கம்பி கையோடு வந்துவிட்டது. நல்லவேளை, வாளி மேல் சாய்ந்தார், அடி இல்லை. அதற்கப்புறம் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை, கேட்காமலே புரிந்தது.

நீ அனுப்பின, ரப்பர் வாயால் டைல்ஸைக் கவ்விப் பிடிக்கும் கைப்பிடி அந்தச் சமயத்தில்தான் வந்தது. நீ ஆசையாக அனுப்பினதைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதே. அட்டையில் இருந்த படத்தில் பெரியவர் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அதே மாதிரி ஒட்டினோம், பிடித்து இழுத்தேன், கல் மாதிரி நின்றது. மறுநாள் மதியம் நாங்கள் ஹாலில் இருக்கும்போது பாத்ரூமுக்குள் டப்பென்று ஒரு சத்தம், போய்ப் பார்த்தால் யாரும் தொடாமலே கீழே கிடக்கிறது. அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, எனக்கு முன்னாடி இது விழுந்துருச்சே என்றார். இப்போது அதைச் சமையலறை மேடையில் ஒட்டி, டப்பா மூடி திறக்கும்போது பிடித்துக்கொள்கிறேன், வீணாகவில்லை.

அடுத்து நம் குழாய் ரிப்பேர்க்காரரைக் கூப்பிட்டேன். ஸ்டீல் கைப்பிடி ஒன்று வாங்கி வந்து, சுவரில் ஓட்டை போட்டு, பிளாஸ்டிக் பிளக் அடித்து, ஸ்க்ரூ முடுக்கி, யானையைக் கட்டினாலும் நிற்கும் அம்மா என்று சொல்லிவிட்டுப் போனார். யானைக்கு எங்கே போக, நானே பிடித்துத் தொங்கிப் பார்த்தேன். முதலில் நின்றது, இரண்டாவது இழுப்பில் டைல்ஸ் துண்டு, சிமென்ட் துண்டு, பிளக், ஸ்க்ரூ எல்லாம் சேர்ந்து என் கையில் வந்து, நான் பின்னால் போய்க் கதவில் முட்டிக்கொண்டேன். அப்பா ஹாலிலிருந்து என்ன என்ன என்று கத்துகிறார். நான் ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன். கருப்பாக இருந்தது. சுவர் என்றால் உள்ளே கல் இருக்க வேண்டும், இதில் ஒன்றும் இல்லை. பழைய குடையிலிருந்து ஒரு கம்பியை உருவி உள்ளே விட்டேன், அது பாட்டுக்குப் போகிறது, ஒரு சாண் நீளத்துக்குக் கொஞ்சம் குறைய உள்ளே போய்த்தான் எதிலோ முட்டியது. இத்தனை வருஷம் எதன் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம் என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

உனக்குத் தெரியும், நான் கண்ணாடிச் சாமான் கம்பெனியில் பேக்கிங் செக்ஷனில் இருந்தவள். மூடின பெட்டியைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தே உள்ளே ஒரு டம்ளர் குறைகிறதா, உடைந்திருக்கிறதா என்று சொல்வதுதான் வேலை. அந்தக் காது சும்மா இருக்குமா. கரண்டிக் காம்பை எடுத்துக்கொண்டு வீடு முழுக்கத் தட்ட ஆரம்பித்துவிட்டேன். வாசல் பக்கத்துச் சுவர் தொப் தொப் என்று கனமாகப் பேசுகிறது. படுக்கையறைச் சுவர் டொக் டொக் என்று காலி டின் மாதிரி. நடுநடுவே ஒரு கோடு மாதிரி கொஞ்ச தூரத்துக்கு மட்டும் கெட்டியாக இருக்கும், மறுபடியும் டொக். ஃபேன் மாட்டியிருக்கும் கொக்கியை ஸ்டூல் போட்டு ஏறித் தட்டிப் பார்த்தேன், அது கான்கிரீட்டுக்குள்ளேயே கம்பியோடு சேர்த்துப் போட்டது, அசையாது, நிம்மதி. ஆனால் ஹாலில் உன் பட்டமளிப்பு போட்டோ தொங்கும் ஆணி சும்மா பூச்சில் மட்டும் நிற்கிறது, இத்தனை நாள் உன்னைத் தாங்கினது சுண்ணாம்புதான். அப்பாவுக்கு எரிச்சல். வீட்டுக்கு ஜுரமா, நாடி பார்க்கிறாயா என்றார். அந்த ஓட்டையைப் பார்த்தால் உங்களுக்கு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லையா என்று நான் கேட்டேன். தோன்றவில்லை என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறக்காமலே, கம்பி எவ்வளவு தூரம் போச்சு என்று கேட்டார்.

மெயின் ரோட்டு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். என்ன மாட்டணும் என்று கேட்பார் என்று நினைத்தேன், எதுல மாட்டணும் என்று கேட்டார். உடைந்து வந்த துண்டைக் காட்டினேன். ஹாலோ பிளாக், உள்ளே கூடு மாதிரி வெற்றிடம் இருக்கும், இந்த பிளக் கல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஜாதி, பிடிக்க உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால் அது என்ன செய்யும் என்றார். அப்புறம் எனக்கு அங்கே நேரம் போனதே தெரியவில்லை. சுவரில் மாட்டுவதற்கென்றே எத்தனை விதம் வைத்திருக்கிறார் தெரியுமா. முடுக்க முடுக்க உள்ளே மீன் வாய் மாதிரி விரிகிற பிளக், குடை மாதிரி மடிந்து ஓட்டைக்குள் போய் அந்தப் பக்கம் ஸ்பிரிங்கில் பட்டென்று சிறகு விரித்துக்கொள்கிற போல்ட், பசை மாதிரி ஊற்றிக் கம்பியைச் சொருகினால் கல்லோடு கல்லாக இறுகிவிடுகிற ஒன்று, கூரையிலிருந்து விளக்குத் தொங்கவிட வளையம் வைத்த கொக்கி. ஒவ்வொன்றிலும் ஒன்று கொடுங்கள் என்றேன், எதற்கு என்றார், பார்க்கத்தான் என்றேன். சிரித்துக்கொண்டே ஒரு காகிதப் பையில் போட்டுக் கொடுத்தார். அந்தச் சிறகு போல்ட்டை உணவு மேஜையில் வைத்துத் திரும்பத் திரும்ப மடித்து விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன், அப்பா அதை என் கையிலிருந்து வாங்கித் தானும் ஒரு தடவை விட்டுப் பார்த்தார். ஆனால் கடைக்காரர் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட்டார். இதில் அலமாரி தொங்கும், விளக்கு தொங்கும், ஒரு ஆள் முழு பாரத்தையும் போட்டு இழுத்தால் கல்லே பெயர்ந்து வரும், அதற்கு நான் பொறுப்பில்லை என்று. தரையில் கம்பி நடலாமா என்றால் அடியில் குழாய் ஓடுகிறது, எதிர்ச் சுவர் கைக்கு எட்டாது. ஒரே வழி, சுவரின் குறுக்கே நீளப் போல்ட் விட்டு, அந்தப் பக்கம் இரும்புத் தகடு வைத்து நட்டுப் போட்டு முடுக்குவது, அப்போது சுவர் முழுசும் சேர்ந்து பாரத்தைத் தாங்கும் என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். அந்தப் பக்கம் யார் வீடு என்று அவர் கேட்டதும்தான் அந்தச் சந்தோஷம் பொசுக்கென்று போனது.

அந்தப் பக்கம் தையல்காரம்மாவின் சமையலறை. அப்பா வைத்த பெயரில் சொன்னால் மோட்டாரம்மா. நீ வேலை கிடைத்து ஊரை விட்டுப் போன அந்த வருஷம் நடந்தது, உனக்கு முழுசாகத் தெரியாது. அவள் மெஷினுக்கு மோட்டார் வைத்தாள், மதியத் தூக்கம் கெடுகிறது என்று அப்பா குடியிருப்போர் சங்கத்தில் புகார் எழுதிக் கொடுத்தார். அவளும் பதிலுக்கு, எங்கள் வீட்டு பாத்ரூம் கதவை அடித்துச் சாத்தியதில்தான் தன் சுவர் அலமாரி கழன்று விழுந்து கண்ணாடிப் பாத்திரமெல்லாம் உடைந்தது என்று எழுதினாள். அன்றிலிருந்து லிஃப்டில் பார்த்தால்கூட அவள் கூரையைப் பார்ப்பாள், நாங்கள் தரையைப் பார்ப்போம். விஷயத்தை அப்பாவிடம் சொன்னதும், அவ வீட்டு வாசல்ல போய் நிக்கறதுக்கு நான் தவழ்ந்தே போயிக்கறேன் என்றார். தவழ்வதற்கும் இடுப்பு வேண்டுமே என்று வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன். இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் அப்பா காலையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் குடிக்காமல் உதடு வெடித்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். செருப்பைக்கூடப் போடாமல் போய் அவள் வீட்டு மணியை அடித்துவிட்டேன்.

கதவைத் திறந்தவள் கழுத்தில் டேப்பும் வாயில் குண்டூசியுமாக நின்றாள். என்ன பேசுவது என்று மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனதெல்லாம் மறந்துபோய், உங்கள் அலமாரி விழுந்ததே, எந்தச் சுவர் என்று கேட்டுவிட்டேன். சண்டைக்கு வந்திருக்கிறேன் என்றுதான் அவள் நினைத்திருப்பாள். குண்டூசியை எடுத்துவிட்டு, ஏன் என்றாள். கையில் வைத்திருந்த பிளாக் துண்டைக் காட்டினேன், இது உங்கள் சுவரும்தான், என் சுவரும்தான், உள்ளே காலி, கதவு என்ன கதவு, காற்றடித்தாலே உங்கள் அலமாரி விழுந்திருக்கும் என்றேன். அவள் துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கொஞ்சமும் எதிர்பாராமல், உள்ள வாங்கக்கா என்றாள். அந்தச் சுவரில் இன்னும் பழைய ஓட்டைகள் அப்படியே இருந்தன, அலமாரிப் பலகை தரையில் சாய்த்து வைத்திருந்தது. அப்பாவுக்காக என்று நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் என்னைப் பார்க்காமல் சுவரை விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"உங்க போல்ட்டு இந்தப் பக்கம் வந்து நீட்டிக்கிட்டு நிக்கும்ல? அதுலயே என் அலமாரியையும் மாட்டிக்கலாமா?"

எனக்கு இது தோன்றவே இல்லை பார். அதே போல்ட்டுகள், இந்தப் பக்கம் கைப்பிடி, அந்தப் பக்கம் அலமாரி. இரண்டு பேரும் அப்போதே வேலையில் இறங்கிவிட்டோம். நான் எங்கள் பாத்ரூமுக்கு ஓடிவந்து கரண்டியால் தட்ட, அவள் அந்தப் பக்கம் காதை வைத்துச் சாக்பீஸால் குறி போட, இன்னும் கொஞ்சம் மேலே, இல்லை இடது பக்கம், உங்கள் இடதா என் இடதா என்று சுவர் வழியாகக் கத்திக்கொண்டு, பிளாக்குக்கு நடுவே சிமென்ட் நிரம்பின கெட்டியான கோடு எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடித்துவிட்டோம். ஹாலில் அப்பா டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டார். ஆனால் டிவி பக்கம் அவர் திரும்பவே இல்லை என்பதை நான் பார்த்தேன்.

நீ போன் பண்ணினது வேலை நடந்த அன்றைக்குத்தான். அதே குழாய் ரிப்பேர்க்காரர்தான், யானை பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. நீளமான டிரில் பிட் கொண்டு வந்திருந்தார். அப்பா வேண்டா வெறுப்பாகப் பாத்ரூம் வாசலில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தார். முதல் ஓட்டை அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து பிட்டை வெளியே இழுத்ததும் உள்ளிருந்து வெளிச்சம் வந்தது. சுண்டுவிரல் நுழையும் ஓட்டை, அதற்குள் ஒரு வீடு. என்னால் சும்மா இருக்க முடியுமா, கண்ணை வைத்தேன். நீலக் கோப்பை ஒன்று தெரிந்தது, ஜன்னல் திரையின் ஓரம், தொங்கவிட்ட கத்திரிக்கோல். திடீரென்று எல்லாம் இருட்டி, பார்த்தால் ஒரு கண். நான் அலறிக்கொண்டு பின்னால் வந்தேன். என்ன தெரியுது என்றார் அப்பா. கண் என்றேன். நகரு என்று நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு தானே குனிந்து பார்த்தார். அப்புறம் ஓட்டைக்குள் வாயை வைத்து, அதிகாரி உத்தரவு போடுகிற மாதிரி சொன்னார்:

"மத்தியானத்துல மெஷின் ஓட்டிக்கங்க. இனிமே நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல் நிதானமாக வந்தது.

"நீங்க சொன்னப்பவும் ஓட்டிக்கிட்டுத்தான்ண்ணா இருந்தேன்."

அதற்குத்தான் அப்பா சிரித்தார், அதைத்தான் நீ போனில் கேட்டாய். விழுந்த நாளிலிருந்து அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்கவில்லை. ரிப்பேர்க்காரர் டிரில்லைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார்.

சாயந்திரத்துக்குள் கைப்பிடி நின்றுவிட்டது. முதலில் நான் தொங்கினேன், பிறகு ரிப்பேர்க்காரரைத் தொங்கச் சொன்னேன், அசையவில்லை. அப்பாவை உட்கார வைத்தேன். வலது கையால் பிடித்தார், ஒரு மூச்சு இழுத்தார், நான் கை கொடுக்கப் போனேன், வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு எழுந்து நின்றுவிட்டார். நின்ற பிறகு முதல் காரியமாக, நீ வெளியே போய்க் கதவைச் சாத்து என்றார். சாத்திவிட்டு வெளியே நின்றேன். உள்ளே தண்ணீர் விழும் சத்தம், கைப்பிடியில் மோதிரம் படும் சத்தம், தாழ்ப்பாள். அவராகக் கதவைத் திறந்து வந்தபோது என்னைத் தாண்டி நேராகச் சமையலறைக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்தார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை, நீயே புரிந்துகொள்.

இதோடு முடிந்திருந்தால் இவ்வளவு பக்கம் எழுதியிருக்க மாட்டேன். மறுநாளிலிருந்து அப்பாவுக்கு வேறு ஒரு பூச்சி மண்டைக்குள் புகுந்தது. அந்தப் பக்கம் நட்டை யார் முடுக்கினது என்று கேட்டார். ரிப்பேர்க்காரர்தான் என்றேன். வாஷர் போட்டானா என்றார். போட்டார் என்றேன். நீ பார்த்தாயா என்றார். பார்த்தேன் என்றேன். எப்படி முடுக்கினான், ரொம்ப முடுக்கினால் பிளாக் நசுங்கும், விட்டால் ஆடும் என்றார். வேண்டுமென்றால் தையல்காரம்மாவைப் பார்த்துச் சொல்லச் சொல்கிறேன் என்றால், துணி தைக்கிறவளுக்கு நட்டைப் பற்றி என்ன தெரியும் என்றார். நட்டு விஷயத்தில் அவர் அப்படித்தான், டெப்போவில் வண்டி எடுக்கும் முன் ஒவ்வொரு சக்கரத்து நட்டையும் கம்பியால் தட்டிக் கேட்டுவிட்டுத்தான் ஏறுவார், மெக்கானிக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் சரி. மற்ற டிரைவர்களெல்லாம் கிண்டல் செய்வார்கள். தான் தட்டாத நட்டை நம்பித் தினமும் பாரத்தைப் போடுவது அவருக்குச் சோறு இறங்காத கதையாகிவிட்டது. நான் போட்டோ எடுத்துவந்து காட்டினேன். நட்டைக் காதால பாக்கணும், போட்டோவுல பாக்கறதுக்கு இது என்ன கல்யாணமா என்றார்.

அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று உனக்கே தெரியும். பிசியோ பெண்ணிடமும் கண்ணைக் காட்டி வைத்தேன். ஒரு மதியம் நான் துணி மடித்துக்கொண்டிருக்கிறேன், வாக்கர் தரையில் ஊன்றுகிற சத்தம் ஹாலில் கேட்டது, அப்புறம் வாசல் தாழ்ப்பாள் திறக்கும் சத்தம். நான் துணியைக் கீழே வைக்கவே இல்லை, அசைந்தால் திரும்பிவிடுவாரோ என்று பயம். கொஞ்சம் பொறுத்துத் தலையை மட்டும் நீட்டிப் பார்த்தேன். இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு, தலை சீவிக்கொண்டு, வராந்தாவில் போய்க்கொண்டிருக்கிறார். எதிர்வீட்டு வாத்தியார் கதவைத் திறந்து, அடடே சார், எங்கே என்று கேட்டார். இவர் நிற்காமலே, ஒரு நட்டு பாக்கணும் என்றார். வேறு எந்த விளக்கமும் இல்லை. வாத்தியார் என்னைப் பார்த்தார், நான் உதட்டில் விரலை வைத்தேன்.

தையல்காரம்மா கதவைத் திறந்து வழிவிட்டாள். பின்னாலேயே நானும் போய்ச் சேர்ந்துவிட்டேன். அலமாரியில் கோப்பையெல்லாம் அழகாக அடுக்கியிருந்தாள். அப்பா ஒரு கையால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் அவளிடம் கேட்டு வாங்கின டீஸ்பூனால் ஒவ்வொரு நட்டாகத் தட்டினார். மூன்று நட்டு டிங் என்றது. நாலாவது டப் என்றது. எனக்கும் கேட்டது, அவளுக்கும் கேட்டது. மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். ஸ்பேனர் இருக்கா என்றார். மெஷின் டிராயரிலிருந்து அவள் எடுத்துக் கொடுத்தாள். உள்ளங்கையில் வைத்து எடை பார்த்துவிட்டு, கால் சுற்றுக்கும் குறைவாக ஒரு திருப்பு, மறுபடியும் தட்டினார், டிங். அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

உடனே திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். ஆனால் அவர் கண் சமையலறை மூலையில் இருந்த மெஷினின் மேல் போய்விட்டது. மெஷின் காலுக்கு அடியில் கம்பளிப் போர்வை ஒன்று நாலாக மடித்துப் போட்டிருந்தது, நைந்து நூல் நூலாகப் போயிருந்தது. இது எதுக்கு என்று கேட்டார். அவள் துணியை வெட்டிக்கொண்டே, நீங்க புகார் குடுத்தீங்கள்ல, அன்னைக்கிலேருந்து போட்டிருக்கேன் என்றாள். குத்திக் காட்டுகிற மாதிரி சொல்லவில்லை, தண்ணி ஊற்றினேன் என்பது போலச் சொன்னாள். அப்பா நாற்காலி ஒன்றை இழுத்து உட்கார்ந்து, மோட்டாரைக் கையால் தொட்டு ஆட்டிப் பார்த்தார்.

"போர்வை போட்டா சத்தம் போகாதும்மா. மோட்டார மாட்டியிருக்குற கிளாம்ப்பே லூசா இருக்கு. நாளைக்கு வந்து சரி பண்ணித் தரேன்."

அந்த நாளைக்கு நிஜமாகவே வந்தது. பழைய டயர் ட்யூபைக் கத்தரித்து வட்டம் வட்டமாக வெட்டி எடுத்துக்கொண்டு போய் கிளாம்ப்புக்கு அடியில் வைத்து முடுக்கிக் கொடுத்திருக்கிறார். இப்போது தினமும் ஏதாவது ஒரு சாக்கு. ஒருநாள் ஜன்னல் திரைக் கம்பியின் கொக்கி, ஒருநாள் எதிர்வீட்டு வாத்தியாரின் கண்ணாடி மாட்டின ஆணி. நான் வாங்கி வந்த அந்தக் காகிதப் பை முழுசும் இப்போது அவர் சட்டைப் பையில்தான். பிசியோ பெண், இனிமேல் நான் எதற்கு என்று கேட்டாள். நீ வா, உனக்கு டீ உண்டு என்றேன்.

உன் சமாச்சாரத்துக்கு வருகிறேன். புது அறை போட்டோவில் கட்டிலுக்கு நேர் மேலே பெரிய கூடை மாதிரி ஒரு விளக்கு தொங்குகிறதே, அதை யார் மாட்டினது. கூரை கான்கிரீட்டா, அல்லது அட்டை அடித்து மூடினதா. வீட்டுக்காரரிடம் கேள், கேட்க வெட்கப்படாதே, தெரியாது என்றால் கட்டிலை ஓரமாக நகர்த்திப் போடு, அறையின் அழகு குறைந்தால் குறையட்டும். சித்தி பெண்ணுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, ஒரு வார்த்தை பேசு, சந்தோஷப்படுவாள். உன் கண் பரிசோதனையைத் தள்ளிப் போடாதே, போன தடவையே புருவத்தைச் சுருக்கிக்கொண்டு படித்ததைப் பார்த்தேன்.

நான் இதை எழுத உட்கார்ந்து வெகுநேரம் ஆகிறது. வீட்டில் யாரும் இல்லை. அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இந்த வீட்டில் நான் தனியாக இவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பது இதுதான் முதல் தடவை, டீ ஆறிப்போனதுகூடத் தெரியாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்பா கிளம்பும்போது, வாண்டுவுக்கு எழுதப் போகிறேன், என்ன சொல்லட்டும் என்று கேட்டேன். வாசலில் நின்று யோசித்தார். அடுத்த லீவுக்கு வரும்போது மேலே ஏறி வராமல் கீழே கேட்டிலேயே நிற்கச் சொல், பெட்டியைத் தூக்க முடியாது, ஆனால் கூட்டிக்கொண்டு வர நான் வருவேன் என்றார்.

போகிற இடமெல்லாம் உனக்கு நல்லதே நடக்கட்டும், நல்ல மனுஷர்கள் அமையட்டும். எங்கள் இருவரின் ஆசியும் முத்தமும். விளக்கு விஷயத்தை விசாரித்துவிட்டு மறக்காமல் பதில் எழுது, என்ன கூரை என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கம் வராது.

உன் வரவை எண்ணிக்கொண்டு,
அம்மா